பீச்சாங்கைத் தையல்

மேடையில் இருக்கும் பேராசிரியர் முகுந்தன் அவர்களே, நாங்குநேரியிலிருந்து இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியவர் கோபாலசுப்பிரமணியன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் இசக்கியம்மா அவர்களே, இன்றைக்குச் செருப்புப் பெட்டியைத் திறக்காமல் வந்திருக்கும் தோல் தொழிலாளர் சங்கத்துத் தோழர்களே, தாய்மார்களே! சங்கத்தின் செயலாளர் ஹெப்ரான் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நம் தலைவர் நேசையா இறந்து இன்றோடு பதினாறு நாள். இந்தக் கூட்டத்துக்காக ஒரு மண்டபம் கேட்கப் போனேன். அதைப் பார்த்துக்கொள்கிறவர் நல்ல மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"யாருக்குத் தம்பி இரங்கல் கூட்டம்?"

"நேசையாவுக்கு."

"எந்த நேசையா? வாத்தியாரா?"

"இல்ல அண்ணாச்சி. இங்கன வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்துப் பக்கத்துல செருப்புத் தைச்சாருல்லா, அவருக்கு."

"அவனுக்கு எதுக்குலே மண்டபம்?"

கவனித்தீர்களா? ஒரே மூச்சில் நேசையா 'அவன்' ஆனார், நான் 'லே' ஆனேன்! மண்டபம் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். அதனால்தான் தெருவில் பந்தல் போட்டிருக்கிறோம். பஸ் போகும்போது என் பேச்சு காதில் விழாது. பொறுத்துக்கொள்ளுங்கள். பஸ் போனதும் மறுபடியும் சொல்கிறேன். அவனுக்கு எதற்கு மண்டபம் என்று கேட்டவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நேசையா யார்? நாங்குநேரிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில், ஊரை விட்டுத் தள்ளி, அருந்ததியர் தெருவில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோயிலுக்குப் போவார். அங்கேயும் அவருக்குப் பின்வரிசைதான். வேதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். ஊரில் மாடு செத்தால் அப்புறப்படுத்துவது அவர் தெருவின் தலையில் சுமத்தியிருந்த வேலை. அதற்குக் கூலி அந்த மாட்டின் தோலும் கொம்பும் எலும்பும்.

ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிவிட்டதை அந்தத் தெரு என்னவாக ஆக்கியது? கொல்லன் உலையில் நெருப்பை ஊதும் துருத்தியாக ஆக்கியது. அந்தத் துருத்தி இல்லாமல் உங்கள் வீட்டு அருவாள் ஏது, கலப்பைக் கொழு ஏது? நுகத்தடியில் கட்டும் வாராக ஆக்கியது. பாய் முடைகிறவள் கையில் எலும்புக் குத்தூசியாக, பேன் வாருகிறவள் கையில் கொம்புச் சீப்பாக ஆக்கியது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம், தோல் பட்டால் தீட்டு என்கிறோம். உள்ளே போனால் அடுப்படியிலும் தொழுவத்திலும் என்ன கிடக்கிறது? தோலும் கொம்பும் எலும்பும்தானே!

எல்லாவற்றுக்கும் மேலே கமலை. இங்கே இருக்கிற இளைஞர்கள் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். கிணற்றுக்குள் பானை மாதிரி ஒரு இரும்புக் கூனை இறங்கும். அதன் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி நீளமான தோல்வால் தைத்திருக்கும். மாடுகள் சரிவில் இறங்கக் கூனை தண்ணீரோடு மேலே வரும். வால் விரிந்து தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். பம்ப்செட் வருவதற்கு முன் நாங்குநேரிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு உயிர் கொடுத்தது அந்த வால்தான். வாலில் ஒரு தையல் விட்டால் பாதித் தண்ணீர் கிணற்றிலேயே விழும், பயிர் காயும். அப்படிப்பட்ட வாலை முப்பது வருஷம் தைத்தவர் நம் தலைவர். சுற்றுவட்டாரத்தில் அவர் வால் ஒழுகியது என்று ஒருத்தர் சொன்னதில்லை!

புது வால் கட்டிய அன்று முதல் தண்ணீர் வந்து விழும்போது எல்லோரும் தொட்டியில் கைவைத்து அள்ளிக் குடிப்பார்கள். தைத்தவர் எங்கே குடித்தார்? வாய்க்கால் ஓடி, வயலைத் தாண்டி, கடைசி மடையில். அவர் கை ஊசி போட்ட தோலுக்குள் புரண்டு வந்த தண்ணீரை ஊரே குடிக்கலாமாம். அதே கை தொட்டியைத் தொட்டால் தண்ணீர் கெட்டுவிடுமாம். இதை எந்த மூளை யோசித்தது? தோலுக்கு இல்லாத தீட்டு தைத்தவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

நம் தலைவருக்கு இன்னொரு பட்டமும் இருந்தது. அவர் இடக்கைக்காரர். ஊசி பிடிப்பது, தோல் அறுப்பது, எழுதுவது எல்லாம் இடக்கைதான். ஊர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'ஏலே பீச்சாங்கை' என்றுதான் கூப்பிட்டது. அந்தக் கையால் தைத்த வாலைக் கூட நேராக வாங்க மாட்டார்கள். தரையில் வைக்கச் சொல்லி, தண்ணீர் தெளித்து எடுப்பார்கள்.

பம்ப்செட் வந்தது. வால் தைக்கிற வேலை போனது. அவர் அழவில்லை. "மாடு இழுத்த சள்ளை விட்டுது, நல்லதுதானே வே" என்று சொல்லிவிட்டு வண்ணார்பேட்டைக்கு வந்து செருப்புப் பெட்டியைத் திறந்தார். நடைபாதையிலிருந்து நம் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போக லாரி வந்த அன்று, லாரியின் முன் சக்கரத்துக்கு எதிரே போய் உட்கார்ந்து, ஒரு செருப்புக்கு வார் வைத்து முடிக்கிற வரை எழுந்திருக்கவில்லை. "வேலை நடக்குது, பையப் பைய வாங்க" என்றார். அன்றைக்குத்தான் நம் சங்கம் பிறந்தது. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லவே இன்று நிற்கிறேன்.

தொண்ணூற்று நாலில் ஒரு கல்லூரியில் கிராமத்துப் பொருள்களைச் சேர்த்து ஒரு காட்சியறை திறந்தார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் இதோ மேடையில் இருக்கும் பேராசிரியர் முகுந்தன். பேப்பரில் செய்தி பார்த்துவிட்டு, "ஏலே ஹெப்ரான், நம்ம சாமானெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்களாம், வா பாத்துட்டு வருவோம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டை போட்டு, அவரே தைத்த புதுச் செருப்போடு வந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது.

வாசலில் காஜா முகைதீன் அண்ணாச்சி நின்றார். காட்சியறையின் காவலர். அதோ, மைக்செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதே சிரிக்கிறார், நான் எதைச் சொல்லப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது. உள்ளே ஒரு மாட்டுக்கொம்பு. கீழே அட்டையில், 'ஊதுகொம்பு, கிராமிய இசைக்கருவி' என்று எழுதியிருந்தது. எங்களைப் பார்த்ததும் அண்ணாச்சி உற்சாகமாகக் கொம்பை எடுத்து வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார். தலைவர் பதறிப் போனார்.

"வே, வே! அத வாயில வைக்காதேயும்!"

"ஏன், சத்தம் நல்லா வரலையா?"

"அது ஊதுற கொம்பு இல்ல வே. காளைக்குக் கழிச்சல் வந்தா, நாக்கைப் பிடிச்சு இழுத்து, தொண்டை வரைக்கும் இந்தக் கொம்பை விட்டு மருந்து ஊத்துறது. இது எத்தனை மாட்டு வாய்க்குள்ள போயிட்டு வந்துச்சோ!"

"அல்லாவே! மூணு மாசமா வாரவுகளுக்கெல்லாம் ஊதிக் காட்டுதேனே!"

"அதான் உம்ம வயிறு நல்லாருக்கு போல" என்றார் தலைவர். இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம், தலைவரின் சவப்பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கிய அன்று வரை இருந்தது.

கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள். அவருக்குப் பிடிக்கும். ஆனால் சிரிப்பு அந்த அறையில் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. நடு மேடையில் ஒரு கமலைவால். விளக்கு போட்டு, கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்திருந்தார்கள். தலைவர் அந்தப் பலகையை ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது எனக்கு எழுத்துத் தெரியுறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச வார்த்தைலே" என்றார்.

கயிற்றைத் தாண்டிப் போய் வாலைத் தொட்டார்.

ஓடி வந்தார் முகுந்தன் சார். "பெரியவரே, தொடக்கூடாது!"

"நான் தொடாம இது எங்கேருந்து சார் வந்துச்சு? நான் தைச்சது."

அப்போதுதான் நான் அட்டையைப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில், 'உபயம்: கோபாலசுப்பிரமணியன், நாங்குநேரி'. கீழே சின்ன எழுத்தில், 'செய்தவர் பெயர் தெரியவில்லை'.

தோழர்களே, அறை முழுக்க இதே கதை! சீப்புக்கு ஒரு உபயம், துருத்திக்கு ஒரு உபயம், வாருக்கு ஒரு உபயம். கொடுத்தவர்களுக்கெல்லாம் பெயரும் ஊரும் இருந்தன. செய்தவர்கள் எல்லோரும் தெரியவில்லை, தெரியவில்லை, தெரியவில்லை! செத்தவர்களை விடுங்கள். தைத்தவர் உயிரோடு, வெள்ளைச் சட்டையோடு, அட்டைக்கு முன்னால் நிற்கிறார். அப்போதும் தெரியவில்லையா?

தலைவர் கேட்டது ஒன்றே ஒன்று. "என் பேரை எழுதுங்க." அவர் வாழ்க்கையில் தனக்காகக் கேட்டது அது ஒன்றுதான். முகுந்தன் சார் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் படித்தவர். "ஆதாரம் வேணும் பெரியவரே. நாளைக்கு இன்னொருத்தர் வந்து நான்தான் தைச்சேன்னு சொன்னா நான் என்ன செய்ய? கொடுத்தவர் சொன்னா எழுதிடுதேன்" என்றார். உபயம் எழுதினபோது யாரும் ஆதாரம் கேட்கவில்லையே சார் என்று நான் கத்தினேன். தலைவர் என் கையைப் பிடித்து அமுக்கினார். "கத்தாதே. கேட்டுட்டு வருவோம்."

நாங்குநேரிக்கு, கோபாலசுப்பிரமணியன் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பெரியவரே, நீங்கள் மேடையில் இருக்கும்போதே இதைச் சொல்லலாமா என்று காலையில் உங்களிடம் கேட்டேன். "நடந்ததுதானே, சொல்லு" என்றீர்கள். சொல்கிறேன்.

இவர் எங்களை உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார். தலைவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு கையை விரித்தார். "ஞாபகம் இல்லையேப்பா. அப்பா காலத்துல யார் யாரோ வருவா, போவா. வால் எங்காத்துப் பரண்ல கிடந்தது. காலேஜ்ல கேட்டா, கொடுத்தேன்."

முப்பது வருஷம்! அதே வீட்டுத் தோட்டத்துக்கு வருஷா வருஷம் போன மனிதர். வால் ஞாபகம் இருக்கிறது, கிணறு ஞாபகம் இருக்கிறது, மாட்டின் பெயர்கூட ஞாபகம் இருக்கிறது. தைத்த முகம் ஞாபகம் இல்லை! நான் காபியைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன். தலைவர் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அய்யா, உங்களுக்கு என்னைத் தெரியலன்னா பரவால்ல. எனக்கு என் வேலையைத் தெரியும். ஒரு தடவை காலேஜ் வரைக்கும் வாங்க."

வந்தார். அதற்காக இவரை மதிக்கிறேன். வராமலும் இருந்திருக்கலாம்.

அன்றைக்குக் காட்சியறையில் நாங்கள் ஐந்து பேர். தலைவர், இவர், முகுந்தன் சார், காஜா அண்ணாச்சி, நான். தலைவர் பையிலிருந்து குத்தூசி, வார், ஒரு துண்டுத் தோல் எடுத்தார். தரையில் உட்கார்ந்தார். ஒரு சாண் நீளத்துக்குத் தைத்தார். பிறகு காஜா அண்ணாச்சியிடம், "அந்த வாலை உள்பக்கம் வெளியே வாற மாதிரிப் புரட்டும் வே" என்றார். கமலைவாலின் தையலை யாரும் பார்க்க முடியாது. அது உள்ளே, தண்ணீர் ஓடுகிற பக்கம் இருக்கும். வாலைப் புரட்டி, துண்டுத் தோலைப் பக்கத்தில் வைத்தார்.

"இப்பம் பாருங்க. ஊரெல்லாம் வலக்கையால தைக்கான். அவன் தையல் இப்படிச் சாயும். இந்தத் தையல் எங்கன சாஞ்சிருக்கு?"

குனிந்து பார்த்தோம். வாலில் இருந்த தையல் முழுவதும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. துண்டுத் தோலிலும் அப்படியே! ஒரு சாயல், ஒரு இடைவெளி, முடிச்சைக்கூட ஒரே பக்கம் மடக்கிவிட்டிருந்தார். வரி மாறவில்லை தோழர்களே, வயது மட்டும்தான் மாறியிருந்தது!

அப்போது கோபாலசுப்பிரமணியன் அவர்கள் வாய் விட்டுச் சொன்னார்: "ஆமா… அந்தப் பீச்சாங்கைக்காரன்! அவன்கிட்ட நேரே எதையும் வாங்காதேன்னு அப்பா சொல்லுவார். நீயா அது?"

முகம் மறந்துவிட்டது. வசவு மறக்கவில்லை. இதற்கு மேல் இந்த ஊரைப் பற்றி நான் என்ன சொல்ல?

தலைவர் கோபப்பட்டாரா? இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "நான்தான்யா. ஆள் மறந்து போச்சு, கை ஞாபகம் இருக்கு. போதும். கையை வச்சே எழுதிக்கிடலாம்."

இவர் தலை குனிந்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். அந்தத் துண்டுத் தோலை நம் தலைவரின் இடக்கையிலிருந்து நேராக வாங்கினார். அதைத் தன்னோடு நாங்குநேரிக்கு எடுத்துக்கொண்டு போனார். இன்றும் வைத்திருப்பதாகச் சொல்கிறார்.

முகுந்தன் சார் அப்போதே புது அட்டை எழுத உட்கார்ந்தார். 'செய்தவர்: நேசையா.' காட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று நான் கைதட்டினேன். தலைவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்!

"இசக்கியம்மா எங்க சார்?"

"யாரு இசக்கியம்மா?"

"எங்க மதினி. தோலைப் பதம் பண்ணினது அவங்கதான். சுண்ணாம்புத் தொட்டியில ஊறப்போட்டு, மயிரைச் சுரண்டி, ஆவாரம்பட்டைத் தண்ணியில மாத்தி மாத்தி முக்கி எடுத்தது அவங்க. அந்தக் கையி வெந்து தோலுரிஞ்சு போச்சு. பதம் தப்பியிருந்தா நான் எப்படித் தைச்சாலும் வால் ஒழுகும். முதல்ல அவங்க பேரு, அப்புறம் என் பேரு."

"அட்டை சின்னது பெரியவரே. இடம் இல்லை."

"உபயத்துக்கு இடம் இருந்துச்சுல்லா? பெரிய அட்டை வாங்குங்க."

வாங்கினார்கள்! போய்ப் பாருங்கள். 'தோல் பதம் செய்தவர்: இசக்கியம்மா. தைத்தவர்: நேசையா.' இந்தத் தேசத்தில் எத்தனை காட்சியறைகள் இருக்கின்றன? எத்தனை இடத்தில் ஒரு தோல் தொழிலாளியின் பெயர், அதுவும் ஒரு பெண்ணின் பெயர், முதல் வரியில் இருக்கிறது? இசக்கியம்மா, நீங்கள் தலை குனிந்து அழுகிறீர்கள். நிமிருங்கள். அழுவதற்கு உரிமை உண்டு, குனிவதற்கு இனி அவசியமில்லை. கையை முந்தானைக்குள் மறைக்காதீர்கள். இந்தக் கூட்டம் அந்தக் கையைப் பார்க்கட்டும்!

இதோடு நிறுத்தியிருந்தால் அவர் நேசையா இல்லை. "நமக்குக் கிடைச்சுட்டு. மத்தவங்களுக்கு?" என்றார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். காட்சியறையில் இருக்கிற ஒவ்வொரு சாமானின் பெயரையும் அதில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறுவார். எந்த ஊரிலிருந்து சாமான் வந்ததோ அந்த ஊருக்குப் போய், உபயக்காரர் வீட்டுக்கு அல்ல, தெருக்கோடிக்குப் போய், "இதைச் செஞ்சது யாரு?" என்று கேட்பார். சில இடத்தில் விரட்டினார்கள். சில இடத்தில், "இப்பம் எதுக்கு அதைக் கிளறுதீரு, எங்க பிள்ளைங்க வேலைக்குப் போயிட்டாங்க, பழசைச் சொல்லாதீரும்" என்று நம் ஆட்களே கதவைச் சாத்தினார்கள். அவர்களையும் அவர் கோபித்ததில்லை. பெயரைச் சொல்ல வெட்கப்பட வைத்தவர்கள் மேல்தான் கோபம். மருந்துக் கொம்புக்குப் பெயர் கிடைத்தது. குத்தூசிக்குக் கிடைத்தது. நுகத்தடி வாருக்குக் கிடைத்தது. ஒவ்வொரு பெயர் கிடைத்தபோதும் முகுந்தன் சார் அட்டையை மாற்றினார். இப்போது அவர் ஆதாரம் கேட்பதில்லை. கூடவே வருகிறார்.

கடைசியாகப் போனது சீவலப்பேரிக்கு. துருத்தி தைத்தவரைத் தேடி. மழையில் நனைந்து திரும்பினார். காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டியது. பத்து நாளில் நம்மை விட்டுப் போய்விட்டார். துருத்திக்குப் பெயர் கிடைத்ததா? கிடைத்தது. நோட்டில் கடைசி வரி அதுதான். எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

தோழர்களே, நேசையாவுக்குச் சிலை வேண்டாம். படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைந்து போவதும் வேண்டாம். மௌன அஞ்சலி என்று அறிவித்திருக்கிறார்கள். மன்னியுங்கள், நான் அதற்கு எதிர்ப்பு. இந்த மனிதர்களைப் பற்றி ஊர் போதுமான காலம் மௌனமாக இருந்துவிட்டது! அந்த ஒரு நிமிஷத்தைப் பேச எடுத்துக்கொள்வோம். நோட்டு இப்போது என் கையில் இருக்கிறது. இன்னும் பெயர் கிடைக்காத சாமான்களை வாசிக்கிறேன். தெரிந்தவர்கள் எழுந்து சொல்லுங்கள். இன்று முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தச் சங்கம் பஸ் ஏறும். கடைசி அட்டை மாறும் வரை ஏறும். இது செயலாளரின் பேச்சு அல்ல, சங்கத்தின் தீர்மானம்.

தோல் சல்லடை, களக்காடு. தெரியுமா யாருக்காவது? சரி. கழுத்துமணி வார், மூலைக்கரைப்பட்டி. தெரியாதா? பரவாயில்லை, போவோம்.

கொம்புச் சீப்பு, மேலப்பாளையம் கடை ஒன்றிலிருந்து வந்தது.

யார் அங்கே எழுந்தது? காஜா அண்ணாச்சி வீட்டம்மாவா? ஜனாபா அக்கா, சொல்லுங்கள். மைக்கை அவர்களிடம் கொடுங்கள் தோழர். வெட்கப்படாதீர்கள் அக்கா.

"எங்க வாப்பா கடையிலதான் வித்தாக அந்தச் சீப்பு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒருத்தரு ஓலைப்பெட்டியில கொண்டாருவாரு. ஒரு பல்லுகூட உடையாது. நான் சின்னப்புள்ள, எனக்குன்னு குட்டியா ஒண்ணு அறுத்துக் குடுத்தாரு."

அவர் பெயர் அக்கா?

"பலவேசம்."

எந்த ஊர்?

"முன்னீர்பள்ளம்னு சொல்லுவாரு."

சற்று இருங்கள். எழுதிக்கொள்கிறேன். கொம்புச் சீப்பு. செய்தவர், பலவேசம். முன்னீர்பள்ளம்.

அடுத்தது வாசிக்கிறேன்.